மருந்துவாழ் மலையும் கொக்கிப் புழுவும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ரஸ்தாவில் பொற்றையடிக்குப் பக்கத்தில் ஒரு மலை நிற்கிறது. அதற்கு மருந்துவாழ் மலை என்று பெயர். ராமாயண யுத்தத்தில் லக்ஷ்மணன் மூர்ச்சையாகி விழுந்தபோது அனுமான் சஞ்சீவி மலையைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாய்ப் பறந்தானென்றும், அப்போது ஒரு துண்டு நழுவி நாஞ்சில் நாட்டில் விழுந்ததென்றும், அந்தத் துண்டுதான் இந்த மலையென்றும் நமது ஜனங்கள் இன்றைக்கும் சொல்லிக் கொள்ளுகிறார்கள். மலையில் மூலிகைகள் இருப்பது வாஸ்தவம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். சஞ்சீவி மலையே நமது வாசலில் வந்து விழுந்திருக்கும்போது, அதைச் சுற்றியுள்ள வயல்களிலும் விளைகளிலும் பாடுபட்ட ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாய் முகம் வெளிறி, கால் வீங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கி மடிந்தார்களே, அது எதனால்? மலை இருந்தது. மூலிகை இருந்தது. அகஸ்தியர் பெயரால் ஒரு தாலுகாவே இருந்தது. பின் இல்லாமற் போனது எது?

இல்லாமற் போனது பரீக்ஷை. இன்ன வியாதிக்கு இன்னது காரணம், இன்ன செடியில் இன்ன சத்து இருக்கிறது, அது இவ்வளவு கொடுத்தால் இன்ன பலன் தரும் என்று சோதித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. செடியைக் கும்பிட்டோம், மலையைச் சுற்றினோம், சித்தர் சொன்னார் என்று கன்னத்தில் போட்டுக் கொண்டோம். சோதித்தவர்கள் வேறிடத்துக்காரர்களாக இருந்தார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாம் மேலே சொன்ன வியாதி இன்னதென்று முதலில் பார்ப்போம். அதற்குக் காரணம் கொக்கிப் புழு என்னும் ஒரு சிறு புழு. நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தடிப்பு தையல் நூல் அளவு. அது மனிதனுடைய சிறுகுடலில் வாயைப் பதித்துத் தொங்கிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இப்புழுவில் முக்கியமாய் இரண்டு வகை உண்டு. சாது வகையில் நூறு புழு இருந்தால் நாளொன்றுக்கு மூன்று மில்லி லிட்டர் இரத்தம் போகும். மற்ற வகையானால் அதைப்போல் ஐந்து மடங்கு போகும். ஒருநாள் கணக்குக்கு இது அற்பம். மாதக் கணக்காய், வருஷக் கணக்காய்ப் போனால் உடம்பில் இரும்புச் சத்து வற்றிவிடுகிறது. பிள்ளைகள் வளர்ச்சி குன்றிப் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகின்றன. சிலர் மண்ணைத் தின்ன ஆசைப்படுகிறார்கள். கர்ப்பிணியானால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்தாய் முடிகிறது.

இதற்கு நமது பெரியோர்கள் செய்த சிகிச்சை என்ன? வெளிறிப்போன பெண்ணைக் கண்டால் இசக்கி பிடித்திருக்கிறாள் என்றார்கள். இளைத்துப்போன ஆணைக் கண்டால் பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்றார்கள். மந்திரவாதி வந்தான், கோழி போயிற்று, சாராயம் போயிற்று, வீட்டில் இருந்த நாலு காசும் போயிற்று, கையில் ஒரு கறுப்புக் கயிறு மிஞ்சிற்று. குடலில் தொங்கிய புழு மட்டும் போகவில்லை.

நாட்டு வைத்தியர்களை நாம் மந்திரவாதிகளோடு சேர்த்துப் பேச விரும்பவில்லை. அவர்கள் இவ்வியாதியைப் பாண்டு என்றும் சோகை என்றும் கண்டு, அன்னபேதிச் செந்தூரம், அயச் செந்தூரம் முதலியவைகளைக் கொடுத்தார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்புதான். இன்று ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் இரும்பு மாத்திரைகளில் ஒரு வகை அதே சரக்கினால் செய்ததேயாகும். ஆகவே இரத்தம் குறைந்தால் இரும்பு வேண்டும் என்பது அனுபவத்தினால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெருமையை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் இரத்தம் ஏன் குறைகிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே புழு குடித்துக் கொண்டிருக்க மேலே செந்தூரம் கொடுத்தது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதையாயிற்று.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் யார்? 1838-இல் இத்தாலி தேசத்து மிலான் நகரில் டுபினி என்னும் வைத்தியர், இறந்துபோன ஒரு குடியானவப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தபோது குடலில் இந்தப் புழுவைக் கண்டார். பிணத்தை அறுப்பது பாவம் என்று அவர் நினைத்திருந்தால் புழு இன்றைக்கும் பேயாகவே இருந்திருக்கும். பிறகு 1880 வாக்கில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோதார்டு ரயில் சுரங்கம் வெட்டிய கூலியாட்கள் கூட்டங் கூட்டமாய்ச் சோகை பிடித்து விழுந்தபோது, அவர்களுடைய மலத்தைச் சோதித்து, அதற்குக் காரணம் இப்புழுவே என்று இத்தாலி வைத்தியர்கள் காட்டினார்கள்.

ஆனாலும் புழு உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. எல்லாரும் வாய் வழியாகத்தான் என்று நம்பினார்கள். எகிப்து நாட்டில் லூஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சிக்காரர் புழுக்குஞ்சுகள் நிறைந்த தண்ணீரை வைத்துச் சோதனை செய்துகொண்டிருக்கையில், ஒரு துளி அவர் கையில் சிந்திவிட்டது. சிந்திய இடம் சிவந்து அரித்தது. நாம் என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்போம். அவர் அரிப்புக்குக் காரணம் கேட்டார். சில மாதம் கழித்துத் தம்முடைய மலத்தைத் தாமே சோதித்தபோது அதில் கொக்கிப் புழுவின் முட்டைகள் இருந்தன. புழுக்குஞ்சு தோலைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று 1898-இல் அவர் எழுதியதை முதலில் பலர் நம்பவில்லை. அவர் திட்டவில்லை, சாபமிடவில்லை. மறுபடியும் சோதனை செய்து காட்டினார். பிற்பாடு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதாவது, நோயாளி வெளியில் மலங்கழிக்கிறான். அதிலுள்ள முட்டை ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு முதிர்ந்து நிற்கிறது. அந்த மண்ணை வெறுங்காலால் மிதிப்பவனுடைய விரலிடுக்கு வழியாய் ஏறி, இரத்தத்தோடு கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் போய்த் தங்குகிறது. தென்னைவிளையும், வாழைத்தோட்டமும், ரப்பர் தோட்டமும், வருஷத்தில் இரண்டு மழைக்காலமும் உள்ள நமது சீமையைவிட அதற்கு வசதியான இடம் வேறு எது?

நிற்க, மருந்தின் கதையைக் கேளுங்கள். கொக்கிப் புழுவுக்கு முதன்முதலாக நிச்சயமான பலன் தந்த மருந்துகளில் ஒன்று தைமால் என்பது. 1880 வாக்கில் இத்தாலியில் போட்சோலோ என்னும் வைத்தியர் அதைக் கொடுத்துப் பார்த்தார். 1909 முதல் 1914 வரை அமெரிக்காவின் தென் பகுதிகளில் ராக்பெல்லர் பணத்தைக் கொண்டு நடந்த பெரிய கொக்கிப் புழு ஒழிப்பு வேலையிலும் இந்தத் தைமாலே கையாளப்பட்டது. இந்தத் தைமால் எதிலிருந்து வந்தது தெரியுமா? நமது அடுப்பங்கரை அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் ஓமத்திலிருந்து! 1914-இல் மகா யுத்தம் தொடங்கும் வரையில் இந்தியாவிலிருந்து ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறிப் போய், அங்கே அதிலிருந்து தைமால் பிரித்தெடுக்கப்பட்டது.

இதைக் கேட்டவுடன் நமது பழம்பெருமைக்காரர்கள் துள்ளிக் குதிப்பார்கள். "பார்த்தீர்களா? எல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் நம்மிடத்திலிருந்து திருடிக் கொண்டான்" என்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறோம். வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் நல்லது என்பது நமது பாட்டிமார்களுக்குத் தெரியும். அதனால் கொக்கிப் புழு போய்விட்டதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிராம் ஓமத்தில் எண்ணெய் இரண்டு முதல் நான்கு கிராம். அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதிதான் தைமால். பெரியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு தடவைக்கு மூன்று நான்கு கிராம் தைமால். கால் கிலோ ஓமத்திலிருந்து வர வேண்டிய சத்து ஒரு கரண்டி ஓமத் தண்ணீரில் எப்படி வரும்? பிரித்தெடுக்கத் தெரிந்தவனுக்கே ஓமம் புழு மருந்தாயிற்று.

அன்றியும் அந்தத் தைமால் விஷமுள்ள சரக்கு. முதல் நாள் பட்டினி போட்டு, பேதிக்குக் கொடுத்து, மறுநாள் காலையில் மருந்தைக் கொடுத்து, மறுபடியும் பேதிக்குக் கொடுக்க வேண்டும். எண்ணெயோ, நெய்யோ, சாராயமோ சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறி ஆளையே கொன்றுவிடும். "பச்சிலை தானே, இயற்கை தானே, கெடுதல் செய்யாது" என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இயற்கைக்கு நம்மேல் விசேஷ அன்பு ஒன்றும் கிடையாது. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையை வைத்தியர்கள் மருந்துக்கு எடுக்கிறார்கள். அதே ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்துப் பிடித்துக்கொண்டுதான், பழைய திருவிதாங்கூரின் சேர்த்தலைப் பக்கத்தில் யானைக்கால் வியாதியைப் பரப்பிய ஒருவகைக் கொசுவின் குஞ்சுகள் மூச்சு விட்டு வளர்ந்தன. தென்னைக்கு உரமாகுமென்று ஜனங்கள் அச்செடியைக் குட்டைகளில் வளர்த்தார்கள்; கூடவே யானைக்காலும் வளர்ந்தது. செடி ஒன்றே, பலன் இரண்டு. எது எப்போது நன்மை, எது எப்போது தீமை என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும்.

தைமாலின் கதி பிறகு என்னவாயிற்று? அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் அதைத் தள்ளிவிட்டார்கள். 1921-இல் ஒன்று வந்தது, 1925-இல் அதைவிடக் கெடுதல் குறைந்த ஒன்று வந்தது. இன்றைக்கு அல்பெண்டசோல் என்னும் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு வேளைக்குப் போதும்; பட்டினியும் வேண்டாம், பேதியும் வேண்டாம். தைமாலைக் கண்டவரை யாரும் இகழவுமில்லை, அவர் பெயரால் கோவில் கட்டித் தைமாலையே தின்றுகொண்டிருக்கவுமில்லை. விஞ்ஞானத்தின் யோக்கியதை இதுதான். நேற்றைய உண்மையைவிட இன்று மேலான உண்மை கிடைத்தால் அதை ஏற்றுக்கொள்ளுகிறது. எந்த ஏட்டுச் சுவடிக்காவது இந்தத் தைரியம் உண்டா?

பழைய சுவடிகளால் பிரயோஜனமே இல்லையென்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. சுவடியை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்குச் சீன தேசத்து யூயூ டு என்னும் அம்மையாரைப் பார்க்கலாம். 1967-இல் சீன சர்க்கார் மலேரியாவுக்குப் புது மருந்து தேடும் வேலையை ரகசியமாக ஆரம்பித்தார்கள். மலேரியாவும் புழு வியாதியைப் போலவே மனிதன் உடம்பில் ஒட்டிப் பிழைக்கும் ஓர் உயிரால் வருவது. அந்த அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் பழைய நூல்களிலிருந்தும் நாட்டு வைத்தியர்களிடமிருந்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டினார்கள். சுமார் இருநூறு மூலிகைகளிலிருந்து 380 சாறுகளை எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நமது தோவாளைச் சந்தையில் விற்கும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி மட்டும் சில சமயம் பலன் தந்தது, சில சமயம் தரவில்லை. அப்போது அவர் 1,600 வருஷத்துக்கு முந்திய கோ ஹோங் என்பவரின் நூலை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அதில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. ஒருவேளை சூடு சத்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்து, குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாற்றை எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ம் நம்பர்ச் சாறு எலிகளின் மலேரியாக் கிருமியை முழுதும் ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் 1972-இல் அவரும் கூட்டாளிகளும் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தார்கள். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து நாம் கவனிக்க வேண்டியது என்ன? 380 சாறுகளில் ஒன்று தேறியது. மற்றவைகளும் பழைய நூலில் இருந்தவைதான், அவைகளையும் பெரியோர்கள்தான் எழுதினார்கள். எழுதப்பட்டிருப்பதனாலேயே உண்மையாகிவிடும் என்றால் எல்லாமே பலித்திருக்க வேண்டும். எழுதப்பட்டிருப்பதனாலேயே பொய்யாகிவிடும் என்றால் அந்த ஒன்றும் கிடைத்திராது. நம் நாட்டிலும் இந்த வழியில் உழைத்தவர்கள் உண்டு. கல்கத்தா உஷ்ணப்பிரதேச வைத்தியப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா என்பவர் நாட்டு மருந்துகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து 1933-இல் ஒரு பெரிய புஸ்தகம் எழுதினார். அதற்கு முன்பே 1928-இல் சாண்ட்லர் என்பவரோடு சேர்ந்து புழு மருந்துகளைப் பற்றியே ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அப்பேர்ப்பட்டவர்களின் பெயர் நமது பிள்ளைகளுக்குத் தெரியாது. அனுமான் மலையைத் தூக்கினது மாத்திரம் நன்றாய்த் தெரியும்.

நமது மூலிகை அறிவு வளராததற்கு இன்னொரு காரணம் ரகசியம். குரு சீஷனுக்கு மட்டும் சொன்னான். சீஷன் சாகும்போது மகனுக்கு மட்டும் சொன்னான், அல்லது சொல்லாமலே செத்தான். எழுதி வைத்ததையும் பரிபாஷையில் மறைத்து எழுதினார்கள். மறைத்து வைத்த மருந்தைப் பத்துப் பேர் சோதிக்க முடியாது. தப்பு இருந்தால் திருத்தவும் முடியாது. அறிவு என்பது நாலு பேர் கையில் பட்டுத் தேய்ந்தால்தான் பளபளக்கும்.

ஆனால் ரகசியத்தைத் திறந்து சொன்னவனை ஏமாற்றவும் கூடாது. அகஸ்திய மலைக் காடுகளில் வசிக்கும் காணிகளை நாம் அறிவோம்; நமது பேச்சிப்பாறைப் பக்கத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். 1987-இல் அம்மலையின் கேரளப் பக்கம் போன ஆராய்ச்சிக்காரர்கள், வழிகாட்டிகளாய் வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைப் பாலோடு தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தார்கள். அதைத் தயாரிக்கும் உரிமை 1995-இல் கொடுக்கப்பட்டபோது, வரும் பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997-இல் காணிகளின் பேரால் ஒரு டிரஸ்டும் ஏற்பட்டது. காட்டுமிராண்டிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் அறிவுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது நல்ல ஆரம்பம்.

இனி, நம்முடைய மனத்தை எப்போதும் உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். நமது ஜில்லா 1956 நவம்பர் 1-இல் சென்னை ராஜ்யத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர்ச் சீமையாய் இருந்தது. அந்தச் சீமையில் 19-ம் நூற்றாண்டில் நாடார், ஈழவர், புலையர் முதலிய மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பிடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. தோள்சீலைக்காக நமது தாய்மார்கள் அடிபட்டுப் போராடி 1859-இல் உரிமை பெற்ற கதையை எல்லாரும் அறிவார்கள். செருப்பைத் தடுத்த கதை அவ்வளவாய்ப் பேசப்படுவதில்லை. கொக்கிப் புழு ஏறுவது வெறுங்காலில் என்று மேலே சொன்னோம். ஈர மண்ணில் இறங்கி வேலை செய்ய வேண்டியவன் எவனோ அவன் காலுக்கே செருப்பு கூடாது என்று சட்டம்! அதை ஏற்படுத்தியவர்களுக்குப் புழுவைப் பற்றித் தெரியாது என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய ஜாதித் திமிரும் புழுவும் கைகோர்த்துக் கொண்டு எத்தனை பேருடைய இரத்தத்தைக் குடித்தன என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

மனிதனைத் தொட்டால் தீட்டு என்று முழுகினவர்கள், மலம் கிடந்த மண்ணில் நடந்து போய்த்தான் முழுகினார்கள். தீட்டு சாஸ்திரத்தில் இந்தப் புழுவுக்கு இடமில்லை. 1928-க்குப் பிறகு திருவிதாங்கூர் சர்க்கார் ராக்பெல்லர் ஸ்தாபனத்தாரின் உதவி கொண்டு சுகாதார வேலையை ஏற்படுத்தியபோதுதான், கொக்கிப் புழுவைப் பற்றியும் கக்கூஸைப் பற்றியும் ஜனங்களுக்கு முறையாய்ப் போதிக்கப்பட்டது. இன்று நமது ஜில்லாவில் கக்கூஸ் இல்லாத வீடு குறைவு. காலில் செருப்பும் வந்துவிட்டது. ஜனங்களின் முகத்தில் இரத்தம் வந்தது இவைகளாலேயன்றி எந்தக் கொடையாலும் பூசையாலுமல்ல.

அப்படியானால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. 2015 முதல் வருஷந்தோறும் பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் ஒன்று முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு மாத்திரையைச் சர்க்கார் இலவசமாய்க் கொடுக்கிறார்கள். அதை வேண்டாமென்று தடுக்கிற பெற்றோர்களும் இருக்கிறார்கள். வயிற்றில் புழு அதிகமுள்ள பிள்ளைக்குச் சற்று மயக்கமோ வாந்தியோ வந்து போகலாம். அதைக் கண்டு விஷம் என்று புரளி கிளப்புகிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்களே "சித்தர் ரகசியம்" என்று ஓலைக்கட்டில் எழுதி, எவ்விதச் சோதனையும் நடவாத லேகியத்தை நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். இதற்கு என்ன பெயர் சொல்லுவது என்று வாசகர்களே யோசிக்கட்டும்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். வெளிறிப்போன பெண்ணைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இரத்தத்தையும் மலத்தையும் சோதிக்கச் செய்யுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டே புழு மருந்து சாப்பிட வேண்டும். விளையிலும் தோட்டத்திலும் இறங்கும்போது காலுக்கு ஏதாவது போடுங்கள். கூலியாட்களுக்கு அதை வாங்கிக் கொடுக்காத தோட்டக்காரரைக் கேள்வி கேளுங்கள். மாத்திரை இன்றிருக்கும் புழுவைக் கொல்லுமேயன்றி, நாளைக்கு மண்ணிலிருந்து ஏறுவதைத் தடுக்காது. அதைத் தடுப்பது கக்கூஸும் செருப்புமே.

நாட்டு வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடமுள்ள முறைகளை மறைக்காமல் எழுதி வையுங்கள். இன்ன செடி, இன்ன அளவு, எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் குணமாயிற்று, எத்தனை பேருக்கு ஆகவில்லை என்று கணக்கு வையுங்கள். ஆகாத கணக்கையும் எழுதுகிறவனே உண்மை வைத்தியன். பாளையங்கோட்டையில் 1964 முதல் சித்த வைத்தியக் கல்லூரி இருக்கிறது. சோதிக்கக் கருவிகளும் படித்த வாலிபர்களும் இக்காலத்தில் உண்டு. சோதனையில் தேறினால் உங்கள் செடி உலகத்திற்கே சொந்தமாகும். தேறாவிட்டால் அந்தச் செடியை நம்பிச் சாகவிருந்த ஒரு நோயாளியாவது பிழைப்பான். இரண்டும் லாபந்தான்.

மருந்துவாழ் மலையில் இன்னும் எத்தனையோ செடிகள் இருக்கின்றன. அவைகளில் எதில் என்ன சத்து இருக்கிறதென்று அனுமான் வந்து சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள், இன்று நாகர்கோவில் பள்ளிக்கூடங்களில் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் நமது பிள்ளைகள். அவர்கள் வயிற்றில் புழு இல்லாமலும் மூளையில் மூடநம்பிக்கை இல்லாமலும் வளரும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.